கைக்கோடாலி எறிதல்: டொராண்டோவில் குத்தி நின்றது, மஸ்கெலியாவில் துள்ளி விழுகிறது

மவுஸ்ஸாக்கலை டீச்சர் எழுதியது:

சிரிக்காமல் வாசிக்க வேண்டும். எனக்கு 43 வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணக்கு படிப்பிக்கிறேன். இரண்டு பிள்ளைகள். மழை வருவதை வலது முழங்கால் ஒரு நாள் முன்னமே அறிவித்துவிடும். இப்படிப்பட்ட ஒருத்திக்குக் கோடாலி எறிகிற பைத்தியம் பிடித்திருக்கிறது.

போன டிசம்பர் லீவுக்கு டொராண்டோவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்து அலுத்துப்போன ஒரு நாள், அண்ணன் மகள் வந்து, "அத்தை, கோடாலி எறியப் போவமா?" என்றாள். ஏதோ விறகு வேலைக்கு ஆள் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். போனால் பெரிய மண்டபம். கம்பி வலை அடித்து மாட்டுப்பட்டி மாதிரிப் பிரித்த தடங்கள், ஒவ்வொரு தடத்தின் முடிவிலும் பலகை, பலகையில் வட்டம். காசு கட்டி, முறை வைத்துக் கோடாலி எறிகிறார்கள். எங்கள் அப்பாவுக்கு ஸ்டோர் அடுப்புக்கு, அதாவது தேயிலை ஆலை அடுப்புக்கு, விறகு பிளக்கிற கொந்தரப்பு இருந்தது. இருபது வருஷம் பிளந்தார். காசு கொடுத்துக் கோடாலி தூக்குகிற ஊர் ஒன்று உண்டு என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார்.

என் முதல் நாலு எறியும் விழுந்தன. ஐந்தாவது "தொக்" என்று குத்தி நின்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். விடியற்காலை இஸ்தோப்பில் நின்று பல் விளக்கும்போது, கீழே அப்பா முதல் கட்டையில் கோடாலியை இறக்குவார், அதேதான். ஒரு மணித்தியாலம் முடிந்து வெளியே வரும்போது தோள் எரிந்தது. ஆனால் அண்ணன் மகளைவிட எனக்குத்தான் புள்ளி கூட.

சரி, ஊருக்கு வந்தாயிற்று. வந்த இரண்டாவது கிழமையே டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கைக்கோடாலி ஒன்று வாங்கினேன். 3,200 ரூபா. சிவப்பு வர்ணம் அடித்த காம்பு, பார்க்க அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து அளந்தேன், பழக்கதோஷம். தலை கிட்டத்தட்ட இரண்டு இறாத்தல் (பவுண்டு), வெட்டுவாய் மூன்றேகால் அங்குலம், காம்பு 20 அங்குலம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டின மண்மேடு நெட்டாக நிற்கிறது. அதற்கு முன்னால் இரண்டு கம்பு நட்டு, கூரை வேலையில் மிஞ்சிய யூகலிப்டஸ் பலகைகளைக் குறுக்காக வைத்து ஆணி அடித்தேன். டொராண்டோவில் 12 அடியில் கோடு போட்டிருந்தார்கள், நானும் 12 அடியில் கயிறு கட்டினேன்.

கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். 40 எறி. குத்தி நின்றது 3. காம்பின் அடிநுனி முதலில் பலகையில் இடித்து விழுந்தது 29. தட்டையாக மோதி விழுந்தது 8. அந்த எட்டில் ஒன்று திரும்பத் துள்ளி வந்து என் காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. காலில் பாட்டா செருப்பு. அன்றைக்கு அதோடு நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் காம்பு தலைக்குக் கீழேயே முறிந்தது. கடைக்குக் கொண்டுபோனேன். "கோடாலி வெட்டத்தான் டீச்சர், எறிய இல்ல" என்றார் முதலாளி. நியாயம்தான். ஆனால் முறிந்த இடத்தைப் பார்த்தால் மரத்தின் ரேகை காம்புக்கு நெடுக ஓடாமல் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. அந்தச் சிவப்பு வர்ணம் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். எறிந்து பழக எந்த மாதிரிக் கோடாலி வாங்க வேண்டும்? அங்கே குத்தியது இங்கே ஏன் குத்தவில்லை, பிழை என் கையிலா, கோடாலியிலா, பலகையிலா? மலையகத்தில் வேறு யாராவது இதைச் செய்கிறீர்களா? வீட்டுக்காரர் ஸ்டோரில் வேலை, இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குகிற மனுஷன். "ஒண்ணு குத்தணும், இல்லன்னா நிப்பாட்டணும், இந்த இடிச் சத்தம் ஆகாது" என்கிறார்.


ஸ்காபரோ ஹட்டன்காரன் பதில்:

டீச்சர், ஹட்டன் டிக்கோயாப் பக்கம் பிறந்து, ஒன்பது வருஷமாக டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். ஒவ்வொரு செவ்வாயும் வேலை விட்டதும் இதே மாதிரி ஒரு மண்டபத்தில்தான் எறிகிறேன். நீங்கள் வந்து போனது சரியான ஊருக்கு. இந்த விளையாட்டு இப்போதுள்ள உருவத்தில் தொடங்கியதே டொராண்டோவில்தான். 2006இல் மாட் வில்சன் என்பவர் வீட்டுப் பின்வளவில் சிநேகிதர்களோடு ஆரம்பித்தது. இன்றைக்கு இரண்டு பெரிய சங்கங்கள் தனித்தனி விதிகளோடு நடத்துகின்றன. உங்கள் 12 அடிக் கோடு அதில் ஒன்றான உலகக் கோடாலி எறிதல் லீக்கின் கணக்கு.

உங்கள் கொப்பியைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். 40இல் 29 தடவை ஒரே பிழை வருகிறது என்றால் உங்கள் கை ஒழுங்காக இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக விழுந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கோடாலி கையை விட்டதும் காற்றில் சுற்றிக்கொண்டே போகிறது. 12 அடியில் நாங்கள் எதிர்பார்ப்பது ஒரே ஒரு முழுச் சுற்று. தலை முன்னால் கவிழ்ந்து, கீழே போய், பின்னால் வந்து, திரும்ப மேலே எழும்பும்போது வாய் பலகையைப் பார்க்க வேண்டும். அந்தச் சுற்று முடிவதற்குச் சற்று முன்னால் காம்பின் நுனி பலகைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். காம்பு முதலில் இடிக்கிறது என்றால் சுற்று முடிய முதலே பலகை வந்துவிட்டது என்று அர்த்தம். பின்னால் போங்கள். அரை அடி, பிறகு இன்னும் அரை அடி. மாறாகத் தலையின் மேல்பக்கம் முதலில் மோதினால் சுற்று கூடிவிட்டது, முன்னால் வாருங்கள். இதில் முக்கியம், எறிகிற வேகத்தை மாற்றாதீர்கள். எல்லாரும் செய்கிற பிழை இதுதான். குத்தவில்லை என்றதும் இன்னும் பலமாக எறிவார்கள். பலம் கூடினால் ஒவ்வொரு எறியும் வேறு எறி ஆகிவிடும், எதைத் திருத்துவது என்றே தெரியாது. கையை வைத்த இடத்தில் வையுங்கள், காலை நகர்த்துங்கள்.

அப்படியென்றால் இங்கே டொராண்டோவில் ஏன் 12 அடியில் குத்தியது? காம்பு. மண்டபத்தில் தருகிற கோடாலியின் காம்பு பொதுவாக 14 அங்குலத்துக்கு அங்கே இங்கே இருக்கும். உங்களுடையது 20. காம்பு நீளம் கூடினால் அதே கைவீச்சில் மெதுவாகச் சுற்றும், ஆகவே ஒரு சுற்றுக்குக் கூடத் தூரம் வேண்டும். வெட்டுக் கோடாலிக்கு நீளக் காம்பு நல்லது, எறிகிறதுக்கு அல்ல. தலையும் பாரம். மற்றச் சங்கத்தின் விதியில் தலை ஒன்றேகால் இறாத்தலிலிருந்து ஒன்றேமுக்கால் வரை. நீங்கள் பழகுவதற்கு ஒன்றரை போதும். அந்த முழங்காலுக்கும் அதுதான் நல்லது, தோளுக்கும் அதுதான்.

இனி வாய். விறகு பிளக்கிற கோடாலியின் வாய் ஆப்பு மாதிரித் தடித்திருக்கும், கட்டையை இரண்டாக விரிக்கத்தானே அது. எறிகிற கோடாலி விரிக்கத் தேவையில்லை, உள்ளே போய் நின்றால் போதும். கன்னம், அதாவது தலையின் இரண்டு பக்கமும், மெலிந்து, வாய் தட்டையாகத் தேய்ந்திருக்க வேண்டும். முகம் மழிக்கிற கூர் வேண்டாம். வாயின் மேல்மூலைதான் பெரும்பாலும் முதலில் குத்துகிறது, அந்த மூலை மழுங்கியிருந்தால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் துள்ளும்.

பலகையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குறுக்காக அடித்திருக்கிறீர்கள். கோடாலி வாய் நெட்டாக வருகிறது, மர ரேகை கிடையாக ஓடுகிறது, ஒவ்வொரு எறியும் நாரைக் குறுக்கே வெட்ட வேண்டியிருக்கிறது. நெட்டாக நிறுத்துங்கள், வாய் நாருக்கு நடுவே புகுந்துவிடும். நாங்கள் பின்னால் ஒரு தட்டுப் பலகை கொடுத்து, முன்னால் நாலடி உயரத்தில் ஐந்து பலகை நெட்டாக அடிப்போம். வட்டத்தின் நடு நிலத்திலிருந்து சுமார் ஐந்தடி. பலகையை மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மட்டும் முடுக்குங்கள். நடுவில் ஆணி இருந்தால் ஒரு நாள் வாய் பல்லுப் போய்விடும். யூகலிப்டஸ் இதற்கு வேண்டவே வேண்டாம், அது கல். துள்ளுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கையைப் பற்றி எழுத்தில் சொல்வது கஷ்டம். இரண்டு கையாலும், சுத்தியல் பிடிக்கிற மாதிரிப் பிடியுங்கள், பெருவிரலைக் காம்பின் மேல் நீட்டாதீர்கள். தலைக்கு மேலால் பின்னுக்குக் கொண்டுபோய், நேராக முன்னால் கொண்டுவந்து, கை கண்மட்டத்துக்கு வரும்போது விடுங்கள். மணிக்கட்டை ஆட்டாதீர்கள். டீச்சருக்கு வெண்கட்டி எறிந்த பழக்கம் இருக்கும், அந்த மணிக்கட்டு வெட்டு இங்கே கூடாது.

வாங்குவது என்றால் எறிவதற்கென்றே செய்கிற கோடாலிகள் இருக்கின்றன. கோல்ட் ஸ்டீல் செய்கிறது, அமெரிக்காவில் கவுன்சில் டூல் 'ஃப்ளையிங் ஃபாக்ஸ்' என்று ஒன்று செய்கிறது. அண்ணன் வரும்போது கொண்டுவரலாம், ஆனால் கைப்பையில் அல்ல, பாரத்தில் போடுகிற பெட்டியில், வாய்க்குத் தோல் உறை போட்டு. அவ்வளவு செலவு தேவையா என்று கேட்டால், முதல் வருஷம் தேவையில்லை.


பதுளை ரோட்டு அக்கா பதில்:

எல்லாம் சரி. பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்? பலகைக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறது, நல்லது. மண்மேட்டுக்கு மேலால் கொழுந்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை இருக்கிறதா? மலையில் எல்லா வீட்டுக்குப் பின்னாலும் யாராவது நடந்து போகிற பாதை ஒன்று இருக்கும். பக்கத்து வீட்டு நாய், கோழி, பந்து எடுக்க ஓடி வருகிற பையன், இவர்கள் யாரும் கயிற்றைப் பார்த்து நிற்கமாட்டார்கள். வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற லயத்து வாசலில் இதைச் செய்யலாம் என்று யாரும் இதை வாசித்துவிட்டு நினைக்கக் கூடாது. செருப்போடு எறிந்தேன் என்று எழுதுகிறீர்கள், டீச்சர் வேறு!


கம்மாலை வீட்டுப் பிள்ளை பதில்:

பிள்ளை என்று பேர் வைத்திருக்கிறேன், வயது 61. புசல்லாவைப் பக்கம். எங்கள் அப்பாவுக்குத் தோட்டத்துக் கம்மாலை. கவ்வாத்துக் கத்தி, முள்ளு, சொரண்டி, கோடாலி எல்லாம் அவர் கையால் போனதுதான். நான் துருத்தி ஊதி வளர்ந்தவன். கோடாலி எறிந்ததில்லை. ஒரு தடவை எறிந்தேன், அப்பா என்னை எறிந்தார். அதனால் எறிகிறதைப் பற்றி அந்தத் தம்பி சொன்னதில் நான் கைவைக்கவில்லை. காம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சொந்தச் சனத்துக்கே குழிபறிக்கிறவனைக் கோடாலிக்காம்பு என்று திட்டுகிறோம். மற்றபடி காம்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடையில் கோடாலியை எடுத்தால் எல்லாரும் வாயைத் தடவிப் பார்க்கிறார்கள். வாய் மொட்டை என்றால் அரம் போட்டால் ஆயிற்று. காம்பு பிழை என்றால் என்ன செய்வீர்கள்? ஆகவே காம்பிலிருந்து தொடங்குங்கள். வர்ணம் அடித்ததை வாங்காதீர்கள், டீச்சருக்கு நடந்ததே அதற்குப் பாடம். வெறும் மரமாக இருக்க வேண்டும், ரேகை தலையிலிருந்து அடி வரை நெடுக ஓட வேண்டும். அடிநுனியைப் பாருங்கள், அங்கே தெரிகிற வளையக் கோடுகள் வாய் பார்க்கிற திசையிலேயே ஓடினால் நல்லது, குறுக்கே கிடந்தால் சீக்கிரம் முறியும். பிறகு கோடாலியைத் தலைகீழாகப் பிடித்து, கம்பு மாதிரி நெடுகப் பார்வை விடுங்கள். வாய் காம்போடு ஒரே கோட்டில் இல்லாமல் ஒரு பக்கம் சரிந்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வெட்டுகிறவன் கையைத் திருப்பிச் சமாளிப்பான், கையை விட்டுப் பறக்கிற கோடாலியை யார் திருப்புவது?

கண்ணையும் பாருங்கள், காம்பு நுழைகிற ஓட்டையைத்தான் சொல்கிறேன். மேலால் பார்த்தால் மரம் கண்ணை முழுதாக நிரப்பி, ஆப்பு இறங்கியிருக்க வேண்டும். இடைவெளியில் பிசின் ஊற்றி மறைத்திருப்பார்கள், ஏமாறாதீர்கள்.

தலை ஆடினால் எங்கள் ஆட்கள் செய்வது என்ன? ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். காலையில் இறுக்கமாக இருக்கும். டீச்சரின் அப்பாவும் செய்திருப்பார். விறகு வெட்ட அது அன்றைக்குப் போதும். ஆனால் ஊறி வீங்கின மரம் இரும்புக்குள் நசுங்கும், காய்ந்தால் முன்னிலும் தளர்ந்துவிடும். எறிகிற கோடாலிக்கு அதைச் செய்யவே கூடாது, ஒரு நாள் காம்பு கையில் இருக்கும், தலை எங்கேயோ இருக்கும். ஆப்பைக் கழற்றிப் புது ஆப்பு அடியுங்கள். காம்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், அது காயாது, பிசுபிசுக்கும். வர்ணக் கடையில் லின்சீட் எண்ணெய் கேளுங்கள். மெல்லிசாகப் பூசி, துடைத்து, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, திரும்பப் பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டு எறியுங்கள்.

நான் சொல்வது, புதுக் கோடாலி வாங்க வேண்டாம். முறிந்ததன் தலையை எடுத்துக்கொண்டு ஒரு கம்மாலைக்குப் போங்கள். இப்போதும் இரண்டொரு இடத்தில் நெருப்பு எரிகிறது. கன்னத்தை மெலிய வைக்கச் சொல்லுங்கள், பாரமும் குறையும். ஒன்று மட்டும் கவனம். இப்போது எல்லாரிடமும் கிரைண்டர் இருக்கிறது. விடாமல் பிடித்துத் தேய்த்தால் வாய் நீலம் பாய்ந்து பதம் போய்விடும். கொஞ்சம் தேய்த்து, தண்ணீரில் தொட்டு, திரும்பத் தேய்க்க வேண்டும். விரலால் தொட முடியாத சூடு வரக் கூடாது. லொறி ஸ்பிரிங் பட்டையில் புதிதாக ஒன்று அடித்துத் தருகிறேன் என்று சொன்னால், பதத்தை நன்றாக இறக்கித் தரச் சொல்லுங்கள். மிச்சம் கடினமாக விட்டால் ஆணியில் பட்டதும் கண்ணாடி மாதிரித் தெறிக்கும்.

காம்புக்குக் கொய்யா. நேராக வளர்ந்த கிளை கிடைப்பதுதான் கஷ்டம், கிடைத்தால் பச்சையாகச் சீவாதீர்கள், அடுப்புக்கு மேல் பரணில் ஒன்றிரண்டு மாதம் கிடக்கட்டும். தேயிலை மரத்திலும் காம்பு போடுவார்கள், உறுதிதான், ஆனால் நேரான துண்டு எங்கே கிடைக்கிறது, எல்லாம் மிலாறாக, வெட்டிவிட்ட குச்சியாகத்தான் வரும். நீளம் 16 அங்குலம் விடுங்கள், வெட்டிக் குறைக்கலாம், கூட்ட முடியாது. அடியில் குமிழ் வைக்க வேண்டாம் என்று நினைக்கிறேன், கையை விட்டு வழுக்கிக்கொண்டு போக வேண்டியதுதானே. அந்தத் தம்பி சொல்லட்டும்.

பதுளை மாவட்டத்தில் தம்பானைப் பக்கம் போனால் வேடர்கள் சின்னக் கோடாலியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம். காம்பு மெலிசாக, தலை சின்னதாக, தோளில் அப்படியே இருக்கும். ஒரு கோடாலி எவ்வளவு இலேசாக இருக்கலாம் என்று பார்க்கவாவது போய்ப் பாருங்கள்.


ஸ்காபரோ ஹட்டன்காரன் பதில்:

ஐயா சொன்னது சரி, குமிழ் வேண்டாம். நேரான காம்பு. அரத்தாள் போட்டு மழமழப்பாக்கவும் வேண்டாம், கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விடுபடும். லின்சீட் துணி விஷயம் எனக்கும் தெரியும், இங்கே ஒரு கராஜ் எரிந்ததைப் பார்த்தேன்.


நாவலப்பிட்டி மரக்காலை பதில்:

பலகை விஷயம் நான் சொல்கிறேன், தினம் அதோடுதான் பிழைப்பு. அல்பீசியா கேளுங்கள். மெத்து மெத்தென்று இருக்கும், கதவு நிலைக்கு யாரும் எடுக்கமாட்டார்கள், அதனால் விலையும் குறைவு. குத்துவதற்குச் சுகம், ஆனால் சீக்கிரம் பொரிந்து போகும், இரண்டு செட் எடுத்து வையுங்கள். பைனஸ் கொஞ்சம் கூட நாள் நிற்கும், கணு இல்லாத துண்டாகப் பொறுக்க வேண்டும், கணுவில் பட்டால் துள்ளும். சவுக்கும் பரவாயில்லை, மலையில் தேயிலைக்கு நிழலாக நிற்கிற கிரெவிலியாவைத்தான் சொல்கிறேன். இரண்டு அங்குலத் தடிப்புக்குக் குறைய வேண்டாம். மர ஆலையில் தள்ளிவிட்ட ஓரப் பலகை என்று கேட்டால் பாதிக் காசுக்குத் தருவார்கள்.

மரக்குற்றியைக் குறுக்கே அறுத்து வட்டமாகத் தொங்கவிட்டாலும் ஆகும், நார் எல்லாம் உங்களைப் பார்த்து நிற்கும், வாய் நன்றாக இறங்கும், பலகையைவிட நாளும் கூட. காய்ந்து வெடிக்கும், அது ஒன்றுதான். தோட்டத்து மரத்தில் கைவைக்காதீர்கள், அது கம்பனி மரம், ஒரு கிளைக்கு ஒரு வருஷம் கதை நடக்கும். வீட்டுப் பலா என்றாலும் வெட்டுவதற்கு அனுமதி எடுக்க வேண்டும், தெரியும்தானே.

பலகை காய்ந்து போனால் எறிவதற்கு முன் தண்ணீர் தெளியுங்கள், நார் இளகும். மஸ்கெலியாவில் வானம் அதைச் சும்மா செய்து தரும்.


மவுஸ்ஸாக்கலை டீச்சர் பதில்:

எல்லாருக்கும் நன்றி. பதுளை ரோட்டு அக்கா திட்டினது சரி. மண்மேட்டுக்கு மேலால் பாதை இருக்கிறது. காலையில் கொழுந்துக்குப் போகிறவர்கள், பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். பலகை ஐந்தடிதான், மேடு பதினைந்தடி, ஆனாலும் கை வழுக்கி மேலே போனால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மலைக்கு ஆள் போகாத நாள், காலை பத்து மணிக்குப் பிறகு மட்டும் என்று முடிவு. மகன் பாதையில் காவல் நிற்பான், அவனுக்குக் கூலியாக ஒரு சொக்லட். ஈரக் கையோடு எறிவதில்லை என்றும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.


மவுஸ்ஸாக்கலை டீச்சர் பதில், ஏழு கிழமை கழித்து:

கணக்குக் கொப்பியோடு வந்திருக்கிறேன்.

பழைய தலையைக் கம்மாலைக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் உரச் சாக்கில் சுற்றி, காலுக்கிடையில் வைத்துக்கொண்டு. கண்டக்டர் என்ன என்று கேட்க, "பள்ளிக்கூடச் சாமான்" என்றேன், பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்மாலைக்காரருக்கு எழுபது இருக்கும். எறிவதற்கு என்று சொன்னதும் என்னை ஒரு தடவை, தலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை, கன்னத்தை மெலிய வைத்துத் தந்தார். 600 ரூபா. இப்போது தலை 740 கிராம், ஒன்றரை இறாத்தலுக்குச் சற்றுக் கூட. கொய்யாக் காம்பை அவரே பரணிலிருந்து எடுத்தார், யாருக்கோ மம்பட்டிக்கு என்று வைத்திருந்தது, அதற்கு 400. 17 அங்குலம் விட்டிருக்கிறேன்.

பலகை அல்பீசியா, ஐந்தும் நெட்டாக. கம்பு நடுவதற்கு மண்மேட்டைக் கொஞ்சம் செதுக்கலாம் என்று பார்த்தேன், வீட்டுக்காரர் விடவில்லை. மழைக்கு எந்த மேடு எப்போது சரியும் என்று சொல்ல முடியாத இடம். ஆகவே மேட்டிலிருந்து மூன்றடி முன்னால் தனியாக நட்டோம். கீழே பழைய சாக்குகளும் மரத்தூளும் போட்டிருக்கிறேன், வாய் கல்லில் விழாமல்.

இனித்தான் சங்கதி. 12 அடியில் முதல் பத்தில் ஏழு காம்பு இடித்தது. அரை அடி பின்னால் போனேன், நாலு இடித்தது. இன்னும் அரை அடி, இரண்டு. பதின்மூன்றரை அடியில் இடிக்கவே இல்லை. நான் கையில் எதையும் மாற்றவில்லை, காலை மட்டும்தான். இதற்குள் இன்னொன்றும் கண்டுபிடித்தேன், யாரும் சொல்லாதது, ஏனென்றால் சமதரையில் இருக்கிறவர்களுக்கு அது வராது. எங்கள் முற்றம் பின்னால் போகப்போகச் சரிகிறது. ஒன்றரை அடி பின்னால் போனால் நான் நாலு அங்குலம் தாழ்ந்துவிடுகிறேன், அதே வட்டம் எனக்கு நாலு அங்குலம் உயர்ந்துவிடுகிறது. எல்லாம் வட்டத்துக்குக் கீழேயே விழுந்துகொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். இரண்டு பலகையைத் தட்டாகப் போட்டு மேடை கட்டினேன், சரியாயிற்று. மலையில் எறிகிறவர்கள் நாடாவோடு மட்டப்பலகையும் எடுக்க வேண்டும்.

போன ஞாயிறு 40 எறி. குத்தி நின்றது 26. காம்பு இடித்தது 5. தலையின் மேல்பக்கம் மோதியது 6, அவை எல்லாம் கடைசிப் பத்துக்குள், கை அசந்து மணிக்கட்டு ஆடியிருக்கிறது. மிச்சம் 3 பலகையிலேயே படவில்லை, அதைப் பற்றிப் பேச வேண்டாம். சப்பாத்துப் போட்டிருந்தேன் அக்கா.

லீக் விதிப்படி பத்து எறிந்து புள்ளி போட்டும் பார்த்தேன். நடுவட்டத்துக்கு 6, வெளியே போகப்போக 4, 3, 2, 1. எனக்கு 27. மேலே இரண்டு நீலப் பொட்டுக்கு எட்டுப் புள்ளி தருவார்களாமே, எறிவதற்கு முன் சொல்லிவிட்டு எறிய வேண்டுமாம். வரைந்து வைத்திருக்கிறேன், சொல்லுகிற துணிச்சல் இன்னும் வரவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். நடுப்பலகை இதற்குள்ளேயே பொரிந்து நார் நாராகத் தொங்குகிறது. புதிது வாங்காமல் அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எறியலாமா?


நாவலப்பிட்டி மரக்காலை பதில்:

போடலாம். முதலில் தலைகீழாக மாற்றுங்கள், வட்டத்துக்கு வெளியே இருந்த நல்ல பகுதி நடுவுக்கு வரும். அதுவும் போன பிறகு முன்பின் திருப்புங்கள். முடுக்கின ஓட்டை புது இடத்துக்கு வரும், உள்ளே முறிந்த ஆணி கிடக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு அடுப்புக்கு.


மவுஸ்ஸாக்கலை டீச்சர் பதில்:

ஆணி இரண்டு இருந்தது. குறட்டால் பிடுங்கியாயிற்று.